பாட்டியின் தாயார் பெயர் என்ன? – பழைய பதிவேடுகளில் முன்னோரைத் தேடும் வழி

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் தன் மூலம் அறியாதிருப்பது தவறு என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால்தான் எங்கள் வரலாற்று மன்றத்தில் இவ்வாண்டு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். "உங்கள் பாட்டியைப் பெற்ற தாயாரின் பெயர் என்ன?" என்பதே அக்கேள்வி. பாட்டனாரின் தந்தை பெயரைப் பலர் சொன்னார்கள். அவர் எந்த ஊரில் நிலம் வைத்திருந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதையும் சிலர் சொன்னார்கள். பாட்டியின் தாயார் என்றதும் பெரும்பாலோர் விழித்தோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நமக்குப் பெற்றோர் இருவர். அவர்களைப் பெற்றோர் நால்வர். அதற்கு முந்திய படியில் எண்மர், அதற்கும் முன் பதினாறு பேர், அடுத்து முப்பத்திரண்டு பேர். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 25 ஆண்டுகள் என்று கொண்டால், ஒரு நூற்றாண்டுக்கு நான்கு தலைமுறைகள். எந்தப் படியை எடுத்தாலும் சரிபாதிப் பேர் பெண்கள். அந்தப் பாதியின் பெயர்கள்தாம் முதலில் மறைகின்றன. மறைந்தவை எங்கேனும் எழுதப்பட்டிருக்கின்றனவா? எழுதியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது எப்படி? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறாமைப்பட வைக்கும் நாடு

வம்ச வரலாறு தேடுவோர் பார்த்துப் பொறாமைப்படும் நாடுகளுள் ஒன்று ஸ்காட்லாந்து. பிரிட்டனின் வடபகுதியில் உள்ள சிறிய நாடு அது. அங்குள்ள பங்குப் பதிவேடுகளில் மிகப் பழையது பெர்த்ஷயரைச் சேர்ந்த எரல் என்னும் ஊரினது. அது 1553-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இப்படித் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பழைய ஏடுகள் இன்று எடின்பரோ நகரில் ஓரிடத்தில் காக்கப்பட்டிருக்கின்றன. எல்லாப் பங்குகளிலும் எல்லா ஆண்டுகளுக்கும் ஏடு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. சில பங்குகளில் இடையிடையே பல ஆண்டுகள் விடுபட்டிருக்கும். 1783-இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதித்தார்கள். அந்த வரி 1794-இல் நீங்கும் வரை, ஏழைகள் பலர் தம் குழந்தைகளின் பெயரைப் பதியாமலே விட்டுவிட்டார்கள். சிறு வரி ஒன்று எத்தனை பெயர்களை அழித்துவிடுகிறது பாருங்கள்!

1855-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து அங்கே பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசாங்கமே கட்டாயமாகப் பதியத் தொடங்கிற்று. அந்த இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பெயரும், அத்தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் எழுதவேண்டும். ஆகவே ஓர் ஏழைக் கிழவியின் இறப்புப் பதிவு கிடைத்தால் போதும். அவளைப் பெற்றவள் எந்தக் குடும்பத்துப் பெண் என்பது தெரிந்துவிடும். ஸ்காட்லாந்தில் மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை முற்றிலும் இழப்பதில்லை. பத்திரங்களிலும் கல்லறைக் கற்களிலும் அப்பெயர் நின்றுவிடுகிறது.

மக்கள் தொகைக் கணக்கும் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த கணக்கில் ஒவ்வொரு வீட்டிலும் அன்றிரவு தங்கியிருந்தவர் பெயர் எழுதப்பட்டது. 1841-ஆம் ஆண்டுக் கணக்கில் பெரியவர்களின் வயதை ஐந்தைந்தாகக் குறைத்து எழுதினார்கள். முப்பத்தெட்டு வயதினருக்கு முப்பத்தைந்து என்று போட்டார்கள். 1851 முதல் சரியான வயது, பிறந்த பங்கு, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பவற்றையும் குறித்தார்கள். இந்த ஏடுகளை நூறு ஆண்டுகள் மூடி வைத்துப் பிறகே பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-இல்தான் திறக்கப்பட்டது.

இன்னொரு வழக்கமும் நமக்கு மிக நெருக்கமானது. ஸ்காட்லாந்தில் மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டனார் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்ற பாட்டனார் பெயரையும், மூத்த மகளுக்குத் தாயைப் பெற்ற பாட்டியின் பெயரையும் வைப்பது பழைய வழக்கம். நம்மவர்களும் இதையே செய்தார்கள் அல்லவா? பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பெயர்த்தி என்பதே பேர்த்தியும் பேத்தியும் ஆயிற்று. பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பேத்தி. ஆகவே ஒரு குடும்பத்தில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வருமானால், அது தேடுவோருக்கு ஒரு கைகாட்டி மரம்.

சென்னையில் எழுதிய பெயர்கள்

ஸ்காட்லாந்தைப் பற்றிச் சொல்ல வேறொரு காரணமும் உண்டு. அந்நாட்டார் பலர் நம் சென்னையில் வாழ்ந்து, இங்கேயே மடிந்தார்கள். திருவான்மியூரிலிருந்து வடக்கே சென்று அடையாற்றைக் கடந்தால், ஆற்றங்கரையில் பிராடி கோட்டை என்னும் பழைய மாளிகை இருக்கிறது. இசைக் கல்லூரி என்றால் எல்லோருக்கும் தெரியும். அதைக் கட்டிய ஜேம்ஸ் பிராடி அந்த ஆற்றிலேயே மூழ்கி இறந்தார். தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோ 1761-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1827-இல் ஆளுநராக இருக்கும்போதே வாந்திபேதியால் இறந்தவர். எழும்பூரில் இவர்களுக்கென எழுப்பிய புனித அந்திரேயா ஆலயம் 1821-இல் திறக்கப்பட்டது.

அதற்கும் மூத்தது கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம். 1680-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் அது அர்ச்சிக்கப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4-ஆம் நாள், எலிஹு யேல் என்பவர் கேதரின் ஹின்மர்ஸ் என்னும் கைம்பெண்ணை அங்கே மணந்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது இவரால்தான். 1753-இல் ராபர்ட் கிளைவ் மணமுடித்ததும் இதே ஆலயத்தில்தான். சென்னை மாகாணத்து ஆலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கடல் கடந்து இங்கே வந்து மடிந்த ஒரு சிப்பாயின் பெயரை அவனுடைய கொள்ளுப் பேத்தி அங்கே காண முடிகிறது.

ஆனால் அந்தப் பதிவேடுகளில் ஒரு பெரிய குறையும் உண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பலர் நம் நாட்டுப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கையில் தந்தையின் பெயரும் படைப்பிரிவும் ஒழுங்காக எழுதப்பட்டன. தாயின் இடத்தில் பல வேளைகளில் "சுதேசிப் பெண்" என்ற பொருள்படும் சொல் மட்டுமே இருக்கும். சில வேளை அதுகூட இராது. இன்று தம் வேரைத் தேடும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், ஸ்காட்லாந்தில் இருந்த பாட்டனாரின் பாட்டனாரைக்கூடக் கண்டுபிடித்துவிடுகின்றன. இதே சென்னையில் பிறந்து வளர்ந்த பாட்டியின் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடுகின்றன.

பங்குக் கோயில் கணக்கு

இனி நம் சொந்தத் தேடலுக்கு வருவோம். கத்தோலிக்கக் குடும்பத்தவர்க்கு முதல் கருவூலம் பங்குக் கோயில். 1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம், பங்குக் குருவானவர் ஒவ்வொருவரும் திருமணங்களுக்கும் ஞானப்பெற்றோர் பெயர்களுக்கும் புத்தகம் வைத்திருக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் ஐந்து ஏடுகளைக் குறிப்பிட்டது. அவை ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், மெய்விவாகம், மரணம், குடும்பக் கணக்கு என்பன. கடைசியாகச் சொன்னதை லத்தீனில் "ஸ்தாத்துஸ் அனிமாரும்" என்பார்கள். ஆன்மாக்களின் நிலை என்பது அதன் பொருள். வீடு வீடாகச் சென்று யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதும் இதுவும் ஒரு மக்கள் தொகைக் கணக்குதான்!

ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தந்தை, தாய், ஞானத்தந்தை, ஞானத்தாய், குருவானவர் கையொப்பம் ஆகியன இருக்கும். ஒரே வரியில் பெண்கள் இருவர் பெயர் வருவதைக் கவனியுங்கள். ஞானத்தாய் பெரும்பாலும் நெருங்கிய உறவினளாக இருப்பாள். பெரியம்மாவோ அத்தையோ பாட்டியோ ஆக இருக்கலாம். ஆகவே அந்தப் பெயரையும் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

1908-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருநாள் முதல் இன்னொரு விதி நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்குத் திருமணம் ஆனால் அந்தச் செய்தியை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். எந்த ஊரில் மணம் நடந்தாலும், அந்தப் பங்கிலிருந்து பிறந்த பங்குக்கு அறிவிப்பு போகும். ஏட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த ஒற்றை வரி, தேடுவோருக்குக் கிடைக்கும் பெரிய உதவி.

பழைய ஏடுகள் பெரும்பாலும் லத்தீன் மொழியில் இருக்கும். அஞ்சத் தேவையில்லை, பத்துச் சொற்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. "ஃபிலியா" என்றால் மகள். "ஃபிலியுஸ்" என்றால் மகன். "நாத்தா" பிறந்தவள், "நாத்துஸ்" பிறந்தவன். "பாத்ரீனுஸ்" ஞானத்தந்தை, "மாத்ரீனா" ஞானத்தாய். "கோஞ்ஜுகும்" என்றால் கணவன் மனைவியான இவர்களுடைய என்பது பொருள். "விதுவா" கைம்பெண். "செபுல்தா" அடக்கம் செய்யப்பட்டவள். "எகோ" என்றால் நான். அதன் பின்னே குருவானவர் தம் பெயரை எழுதுவார்.

பெயர்களும் உருமாறி நிற்கும். வீட்டில் அருளப்பன் என்று அழைத்தவர் ஏட்டில் யோவானெஸ் ஆகியிருப்பார். இராயப்பன் பேத்ருஸ் ஆவார். சின்னப்பன் பவுலுஸ் ஆவார். சூசை யோசேப்புஸ் ஆவார். சந்தியாகும் யாகப்பனும் யாக்கோபுஸ் ஆவார்கள். சவரிமுத்து சவேரியுஸ் ஆவார். இந்த இரட்டைப் பெயர் தெரியாவிட்டால் கண்ணெதிரே இருக்கும் பாட்டனாரைத் தாண்டிப் போய்விடுவோம்.

பெயரே காலத்தைக் காட்டுவதும் உண்டு. லூர்து நகரில் அன்னை காட்சி தந்தது 1858-இல். ஆகவே லூர்தம்மாள் என்ற கிறிஸ்தவப் பெயர் அதற்கு முன் இருக்க முடியாது. பாத்திமா நகர்க் காட்சி 1917-இல். எனவே பாத்திமா மேரி அதற்குப் பின் பிறந்தவள். குழந்தைத் தெரேசம்மாள் புனிதையாக உயர்த்தப்பட்டது 1925-இல். ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தர் புனிதர் ஆனது 1947-இல். நாள் குறிப்பிடாத ஒரு பெயர்ப்பட்டியல் கையில் கிடைத்தால், இப்படிப்பட்ட பெயர்களைக் கொண்டே அது எக்காலத்தது என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம்.

சென்னைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். சாந்தோம் மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606-இல் போர்த்துகீசிய மன்னரின் ஆதரவில் ஏற்பட்டது. அதே நகரில் ஆர்மேனியன் தெருக் கோயிலைத் தலைமையாகக் கொண்டு சென்னை மறைமாவட்டம் தனியாக இயங்கி வந்தது. 1952-இல்தான் இரண்டும் இணைந்து சென்னை-மயிலாப்பூர் உயர்மறைமாவட்டம் ஆயிற்று. ஒரே தெருவில் வாழ்ந்த இரண்டு குடும்பங்கள் வெவ்வேறு ஆயர்களின் கீழ் இருந்திருக்கக் கூடும். அதனால் பக்கத்துக் கோயிலில் பெயர் இல்லை என்றால் மனம் தளராமல் மற்றக் கோயிலையும் விசாரிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

வழிமுறை விளங்கும்படி ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாணவி ஒருத்தியின் வீட்டில் அவளுடைய பாட்டியின் திருமணச் சான்றிதழ் இருக்கிறது. பெயர் மரியம்மாள், மணமான ஆண்டு 1958, வயது 20, தந்தை சூசை, தாய் அன்னம்மாள் என்று அதில் கண்டிருக்கிறது.

முதற்படி: 1958-இல் வயது 20 என்றால் பிறப்பு 1938-ஐ ஒட்டி இருக்கவேண்டும். வயதைச் சற்று ஏற்றியோ இறக்கியோ சொல்வது அக்காலத்தில் சாதாரணம். ஆகவே 1935 முதல் 1940 வரை பார்க்க வேண்டும். எந்தப் பங்கில் பார்ப்பது? மணமகள் எந்தப் பங்கைச் சேர்ந்தவள் என்பது திருமணப் பதிவேட்டிலேயே இருக்கும். அந்தப் பங்கில் மரியம்மாளின் ஞானஸ்நானப் பதிவு கிடைக்கிறது. பெற்றோர் பெயர் ஒத்திருக்கிறது. ஓரத்தில் 1958 திருமணக் குறிப்பும் இருக்கிறது. இவள் நம் பாட்டிதான், ஐயமில்லை.

இரண்டாம் படி: சூசைக்கும் அன்னம்மாளுக்கும் மணம் நடந்தது எப்போது? 1938-லிருந்து பின்னோக்கி ஒவ்வோர் ஆண்டாகத் திருமண ஏட்டைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். வழக்கமாக மணப்பெண்ணின் ஊரில்தான் திருமணம் நடக்கும்; மூன்று முறை ஓலை வாசித்த விவரமும் இருக்கும். 1931-இல் ஒரு பதிவு அகப்படுகிறது. அன்னம்மாளுக்கு வயது 18.

மூன்றாம் படி: அப்படியானால் அன்னம்மாள் பிறந்தது 1913-ஐ ஒட்டி. அந்த ஏட்டைத் திறந்தால் இரண்டே ஆண்டுகளில் மூன்று அன்னம்மாள்கள் இருக்கிறார்கள்! எவள் நம்முடையவள்? இங்கேதான் 1908-ஆம் ஆண்டு விதி துணைக்கு வருகிறது. ஒருத்தியின் பெயர் ஓரத்தில் மட்டும் "1931-இல் சூசையை மணந்தாள்" என்ற குறிப்பு இருக்கிறது. அதே வரியில் அவளைப் பெற்றவள் பெயரும் இருக்கிறது. பாட்டியின் தாயாரையும், அந்தத் தாயாரின் தாயாரையும் ஒருசேரக் கண்டுகொண்டோம்.

இதற்கு முந்திய தலைமுறைக்குப் போனால் ஓரக்குறிப்பு கிடைக்காது. அங்கே ஞானப்பெற்றோர் பெயர், திருமணச் சாட்சிகள் பெயர், ஊர், தொழில் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வரவேண்டும். பெயர் ஒத்திருப்பது மட்டும் போதாது. இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஒன்றையே சொல்லும் வரை பென்சிலால் எழுதுங்கள். பிறகு மையால் எழுதுங்கள்.

நம் நாட்டுக் குடிக்கணக்கு

யோசேப்பும் மரியாளும் பெத்லகேம் சென்றது குடிக்கணக்கில் பெயர் எழுதுவதற்காக என்பதை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலத்திலும் கேட்கிறோம். நம் நாட்டிலும் 1871-72-இல் முதல் கணக்கும், 1881-இல் நாடெங்கும் ஒரே சமயத்தில் கணக்கும் எடுத்தார்கள். அதன்பின் பத்தாண்டுக்கு ஒரு முறை 2011 வரை தவறவில்லை. 2021-இல் எடுக்கவேண்டியது கொள்ளைநோய்க் காலத்தில் தள்ளிப்போயிற்று.

அப்படியானால் ஸ்காட்லாந்தைப் போல நம் பாட்டனார் வீட்டுக் கணக்கை எடுத்துப் பார்க்கலாமே என்று நினைப்பீர்கள். அதுதான் முடியாது. இங்கே கூட்டிக் கழித்த எண்களை மட்டும் நூலாக அச்சிட்டார்கள். வீடு வீடாக எழுதிய தாள்களைக் காத்து வைக்கவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பற்றிய விவரங்களை எவரும் பார்க்கவும் இயலாது. ஊரில் எத்தனை பேர் என்பது தெரியும். யார் யார் என்பது தெரியாது.

அதற்கும் முன்னே ஒரு கணக்கு நம் பக்கத்தில் எடுக்கப்பட்டது. 1767-க்கும் 1774-க்கும் இடையில் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கற்பட்டுச் சீமையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்து, ஒவ்வோர் ஊரிலும் வீடு எத்தனை, நிலம் எவ்வளவு, யார் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று தொகுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதித் தந்த தமிழ்க் கணக்குகளே அதற்கு அடிப்படை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1754-இல் பிறந்த காலின் மெக்கன்சியோ, நம் ஊர்களின் வரலாறுகளையும் சுவடிகளையும் ஆயிரக்கணக்கில் திரட்டினார். அவற்றுள் பெரும்பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்குச் சேர்ந்தது.

யாழ்ப்பாணத்தார் இவ்வகையில் கொடுத்து வைத்தவர்கள். போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் அங்கே எழுதிய காணிக் கணக்கும் குடிக்கணக்கும் "தோம்பு" எனப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டுத் தோம்புகள் சில இன்றும் இலங்கை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குடும்பத் தலைவனோடு மனைவி மக்களின் பெயரும் அவற்றில் வரும்.

"இன்னாரின் மனைவி"

1951-52-இல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்காளர் பட்டியல் தயாரிக்கச் சென்றவர்களிடம், வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். பெயர் இல்லாமல் எழுதக்கூடாது என்று அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். முடிவில் ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெயர் இல்லாததால் வாக்குரிமையும் இல்லாமற் போயிற்று.

பைபிளில் மத்தேயு நற்செய்தி ஒரு வம்ச அட்டவணையோடுதான் தொடங்குகிறது. அந்த நீண்ட ஆண்கள் வரிசையில் தாமார், இராகாப், ரூத்து, கடைசியில் மரியாள் என்று பெண்கள் பெயரும் வருகின்றன. ஒருத்தியை மட்டும் "உரியாவின் மனைவி" என்று சொல்லி நற்செய்தி நகர்ந்துவிடுகிறது. அவள் பெயர் பெத்சபே என்பது பழைய ஏற்பாட்டிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. ஓர் ஏட்டில் விட்டுப்போனதை இன்னோர் ஏடு தருகிறது. தேடுவோர் பல ஏடுகளைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

வேறு எங்கே தேடலாம்?

கோயில் ஏடு இல்லாதவர்களும், பிற சமயத்துத் தோழியரும் சோர்ந்துவிட வேண்டாம். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் அட்டை, திருமண அழைப்பிதழ், பத்திரப் பதிவு அலுவலகத்து விற்பனைப் பத்திரம், உயில், கல்லறைக் கல், பாத்திரத்தில் வெட்டிய பெயர் ஆகிய எல்லாமே சான்றுகள். சீர்வரிசைக் குடத்தில் பாட்டியின் பெயரும் ஆண்டும் வெட்டியிருப்பதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! நிலம் சம்பந்தமான ஆவணங்களைத் தேடுகையில் ஒன்று நினைவிருக்கட்டும். திருவான்மியூர் இன்று மாநகரின் பகுதி; முன்பு அது செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்த கிராமம். எனவே பழைய காகிதங்களைச் சென்னை என்ற தலைப்பில் மட்டும் தேடினால் கிடைக்காமற் போகலாம். எழும்பூரில் 1909-இல் கட்டிய கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாவட்டப் பழங்கணக்குகள் உள்ளன. புதுச்சேரிக் குடும்பத்தினர்க்கு பிரெஞ்சு அரசாங்கத்தின் பிறப்பு, இறப்பு ஏடுகள் பெருந்துணை.

கடல் கடந்த தமிழர் கதை தனி. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து "ட்ரூரோ" என்னும் கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்ற முதல் கூட்டம் அது. அதுமுதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டுக்குச் சென்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை கப்பல் ஏட்டில் எழுதினார்கள். மொரீசியஸ் தீவில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இத்தகைய ஏடுகளோடு, அவர்களுடைய புகைப்படங்களும் உள்ளன. கூலிகளை அடையாளம் காண்பதற்காக எஜமானர்கள் எழுதி வைத்த ஏடுகள் இவை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த ஏட்டிலிருந்து ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டு, தமிழ் பேசவும் தெரியாமல், நம் கிராமங்களைத் தேடி வருகிறார்கள். அடக்கி வைக்க எழுதிய எழுத்தே உறவைச் சேர்க்கும் எழுத்தாக மாறியிருக்கிறது.

தேடுவோர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, தேடலை ஏட்டிலிருந்து தொடங்காதீர்கள். வீட்டிலிருக்கும் முதியவரிடம் தொடங்குங்கள். ஏடு காத்திருக்கும், முதுமை காத்திராது. ஆண்டு நினைவில்லை என்பார்கள். "உங்களுக்குக் கல்யாணம் ஆனபோது சுதந்திரம் வந்துவிட்டதா? அண்ணாதுரை முதலமைச்சரா?" என்று கேட்டால் நினைவு தானே வரும்.

இரண்டாவது, பங்கு அலுவலகத்துக்குப் பெற்றோருடன் செல்லுங்கள். முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அந்த ஏடுகளில் பிறர் வீட்டுச் செய்திகளும் இருக்கும். தற்செயலாகக் கண்ணில் பட்டதை வெளியில் பேசுவது முறையன்று. பழைய தாளை எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. மைப்பேனா அருகில் வைக்கக் கூடாது.

மூன்றாவது, காண்பதெல்லாம் மகிழ்ச்சியாக இராது. ஒரே ஆண்டில் மூன்று குழந்தைகளின் மரணம், பதினாறு வயதில் "விதுவா" என்ற சொல், தந்தை பெயர் இல்லாத பிறப்பு என்று பலவும் எதிர்ப்படும். அவை நம் குடும்பத்தின் அவமானங்கள் அல்ல. அவர்கள் பட்ட துன்பங்கள். மரியாதையோடு படிக்க வேண்டியவை.

நான்காவது, கிடைத்ததைப் பிரதி எடுத்துப் பல வீடுகளில் வையுங்கள். உப்புக்காற்று வீசும் நம் கடற்கரையில் தாள் விரைவில் மக்கும். கறையானும் வெள்ளமும் கணக்குப் பார்ப்பதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் எத்தனையோ வீடுகளில் சான்றிதழ்களும் படங்களும் ஒரே நாளில் போயின. ஒரே பிரதியாக இருந்தவை மீளவேயில்லை.

அன்புத் தோழியரே, விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். முதற்பக்கத்தில் உங்கள் பெயர். அடுத்து அம்மாவின் முழுப்பெயர், பிறந்த ஊர். அடுத்து அம்மாவைப் பெற்றவர், அவரைப் பெற்றவர் என்று தாய்வழியாகவே எழுதிக்கொண்டு போங்கள். தந்தை வழியை எழுத வீட்டில் ஆட்கள் உண்டு. இந்த வழியை எழுத நீங்கள்தான் உண்டு. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், யூகித்து நிரப்பாதீர்கள். அன்புள்ள பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்க வரும்போது "அதெல்லாம் இப்போது எதற்கு?" என்று அனுப்பிவிடாதீர்கள். உங்களிடம் இருக்கும் அந்த ஒரு பெயர் எந்தக் காப்பகத்திலும் இல்லாத பெயராக இருக்கலாம்.